இருள் என்று குறிக்கப்பட்ட ஒன்பது பாட்டுகள்

சின்னவன் வீட்டைவிட்டுப் போனது ஒரு புதன்கிழமை, காலை ஏழரை மணிக்கு. குழாயில் தண்ணீர் வரும் நாள். ஏழு வாளியையும் சமையலறை டிரம்மையும் அவனே நிரப்பி வைத்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து டி.வி. மேல் வைத்தான். உறை கிழிந்துபோன கிடாரைப் பழைய போர்வையில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவன் அக்கா அப்போது கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். வீட்டில் இரண்டே பிள்ளைகள். அவள் பெரியவள், இவன் சின்னவன். அம்மா வாயில் வேறு பெயர் வந்ததில்லை. பெரியவளுக்கு எட்டே காலுக்கு பஸ். பல்லுக்கிடையில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"காலங்காத்தால எங்கடா இந்த மூட்டையோட?"

"போறேன்."

"போயிட்டு வர்றேன்னு சொல்லுடா" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. முட்டிவலிக்காரி, சுவரைப் பிடித்து எழுந்து வருவதற்கே அவளுக்கு நேரம் பிடிக்கும்.

"போறேம்மா."

"எந்த ஊருக்குன்னாவது சொல்லித் தொலையேன்" என்றாள் பெரியவள்.

"நீயே பாத்து ஏதாவது லேபிள் போட்டுக்கோ. உனக்குத்தான் முப்பது செகண்ட் போதுமே."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். பஸ் போய்விடும் என்று நினைத்தாள். அந்த பஸ் அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. ஐந்து வருஷம் கழித்தும் அவள் மறக்காத கணக்கு அது ஒன்றுதான்.

முப்பது விநாடி என்று அவன் குத்திக்காட்டியது அவளுடைய வேலையை. பாட்டுக் கேட்கிற ஆப் ஒன்றுக்கு, வந்து குவிகிற பாட்டுகளுக்கெல்லாம் லேபிள் போடுவதுதான் அவள் வேலை. டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஆபீஸ். இருபத்திரண்டு நாற்காலி, இருபத்திரண்டு ஹெட்போன். ஹெட்போனின் பஞ்சு பிய்ந்துபோனதால் பாதிப் பேர் பழைய காலுறையை வெட்டி மாட்டியிருந்தார்கள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற மிஷின் ஓடும்போதெல்லாம் மேலே ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒருநாளைக்கு நானூறு பாட்டு. ஒரு பாட்டுக்கு முதல் முப்பது விநாடி, அதற்குள் ஒரு லேபிள். காதல், பிரிவு, கோபம், மழை, பயணம், தூக்கம், உடற்பயிற்சி, மாற்று, தெரு, இருள். விசைப்பலகையில் ஒன்றிலிருந்து சைபர் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை.

சேர்ந்த புதிதில் அவள் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டாள். எந்நேரமும் பிளாஸ்கும் கையுமாக இருப்பதால் அவளுக்கு பிளாஸ்க் அக்கா என்றே பெயர்.

"மாற்றுன்னா எதுக்கு மாற்றுக்கா?"

"மத்ததுக்கு."

"மத்ததுன்னா?"

"அதான், மாற்று இல்லாதது. கேள்வி கேட்டுட்டே இருந்தா உன் நானூறு யாரு முடிக்கறது? டீ வேணுமா?"

"தெருன்னா?"

"பாடறவன் சட்டையில பட்டன் இல்லன்னா தெரு. சட்டையே இல்லன்னா உடற்பயிற்சி."

அப்படித்தான் நடந்தது. எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தத்துக்கு மழை விழுந்தது. தாலாட்டு ஒன்றுக்குப் பிரிவு விழுந்தது. எதிலும் சேராததெல்லாம் சைபர் விசைக்குப் போனது. அதுதான் இருள். மெதுவாக ஓடினால் இருள். பாடுகிறவள் குரல் கனமாக இருந்தால் இருள். படத்தில் சிரிக்காமல் நின்றால் இருள். புரியாத மொழி என்றால் சொல்லவே வேண்டாம். இருள் போட்டால் எவனும் திரும்பிக் கேட்க மாட்டான் என்பதுதான் அதன் வசதி. உற்சாகமான பாட்டைத் தூக்கத்தில் தள்ளினால் புகார் வரும். இருள் என்று போட்டதற்கு, எனக்கு வெளிச்சமாக இருக்கிறதே என்று இதுவரை யாரும் எழுதியதில்லை. கரண்ட் போனாலும் ஆபீசில் ஒரே குரல்: "சைபரத் தட்டுங்கப்பா!" அவள் விசைப்பலகையில் தேய்ந்துபோன விசை அது ஒன்றுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பாட்டு அனுப்புகிறவர்களின் பெயர் லேபிள் போடுகிறவர்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். ஏழில் முடிகிற எண்ணெல்லாம் பெரியவளின் மேசைக்கு வரும். ஒரே எண்ணிலிருந்து வரும் மூன்று பாட்டுக்கு ஒரே லேபிள் விழுந்துவிட்டால், நாலாவதிலிருந்து மனிதக் காதுக்கே வராது. கம்ப்யூட்டரே அந்த லேபிளை ஒட்டி அனுப்பிவிடும். வேலை மிச்சம். மூன்று லேபிள் சங்கதி மட்டும் ஆபீசுக்கு வெளியே சொல்லக்கூடாதது. மற்றதையெல்லாம் சாப்பிடும்போது அவள் வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். சின்னவன் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

அவனுக்கும் மூன்று நண்பர்களுக்கும் அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்றில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசிப்பதுதான் பொழுது. தலைமுடி தோள்வரைக்கும் தொங்கும். தெருவில் அவர்களுக்கு 'அந்த மாதிரிப் பசங்க' என்று பெயர். ஒருமுறை ரோந்து வந்த போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்தார்.

"நீங்க அந்த மாதிரி மியூசிக்காடா?"

"எந்த மாதிரி சார்?"

"அதான்டா... அந்த மாதிரி."

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வந்தான். "இல்லேன்னா என்ன மாதிரின்னு கேப்பாரு. அது எனக்கே தெரியாது" என்று வீட்டில் வந்து சொன்னபோது அம்மாகூடச் சிரித்தாள்.

அவன் வாசித்தது அவசரப்படாத பாட்டு. கனமாக ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு அடி. நடுவில் கிடாரின் தடித்த கம்பி மட்டும் நீளமாக முனகும். ஒருநாள் காலை பெரியவள் மேசைக்கு ஏழில் முடிகிற எண்ணிலிருந்து அது வந்தது. பத்தாவது விநாடியில் தம்பி என்று தெரிந்துவிட்டது. வேண்டியவர்கள் பாட்டு வந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் ஆயிரம் கேள்வி. மேற்பார்வையாளர் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டே பின்னால் உலாத்துகிற ஆள்; தைலம் சார் என்றால்தான் யாருக்கும் தெரியும். அவர் வாசனை நெருங்கியது. அவள் சைபரைத் தட்டினாள். அடுத்த மாதம் இரண்டாவது பாட்டு வந்தது. அதற்கும் சைபர்.

வீட்டில் அவன் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தால், எது போட்டால்தான் என்ன, லேபிள்தானே என்று சொல்லியிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருவில் ஒரு கல்லூரிப் பையன் பைக்கோடு லாரியில் மோதிச் செத்துப்போனான். ரோடு ஈரமாக இருந்தது. லாரிக்குப் பின்விளக்கு இல்லை. இரண்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பையனின் மாமா அவன் போனைத் திறந்து பார்த்தபோது ஒரு பாட்டுப் பட்டியல் இருந்தது. தலைப்பு: இருள். பையன் வைத்த தலைப்பு இல்லை அது. ஆப் தானாகத் தொகுத்துக் கொடுப்பது. இருநூற்றுப் பதினான்கு பாட்டில் இரண்டு சின்னவனுடையது. முகம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். லாரி போய்விட்டது, பாட்டு மாட்டிக்கொண்டது.

ஐந்தாறு பேர் படியேறி வந்தார்கள். மாமா அழுது வீங்கிய முகத்தோடு போனை நீட்டினார்.

"இதப் பாரும்மா. இருள்னு போட்டிருக்கு. இதக் கேட்டுக் கேட்டுத்தான் எங்க புள்ள மனசு கெட்டுப்போச்சு."

"பாட்டக் கேட்டீங்களா மாமா?" என்றான் சின்னவன்.

"அத வேற கேக்கணுமா? அதான் எழுதியிருக்கே!"

அவர்கள் போன பிறகு கிடங்குக்காரர் ஷட்டருக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. நண்பர்கள் மூவரும் ஆளுக்கு ஒரு பக்கம் நழுவிவிட்டார்கள். சின்னவன் அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"நீதான போட்ட?"

"எத்தனை பேர் இருக்கோம்... எவ போட்டாளோ. அன்னிக்கு நான் லீவுடா."

"ஏழுல முடியறது உன் மேசைக்குத்தான வரும்?"

"என்னை என்ன போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சு விசாரிக்கறியா? நீ சிரிச்ச முகமா நாலு பாட்டு வாசிச்சிருந்தா இந்த வம்பே இல்ல. வாசிக்கறது எழவு வீட்டுப் பாட்டு, லேபிள் மட்டும் கல்யாணத்துக்குக் கேக்குதா?"

சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை. "எழவு வீடு" என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போனான். நான்காம் நாள்தான் அந்தப் புதன்கிழமை.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது பாட்டு வந்தது. ஆபீசில் அப்போது ஒரு சுற்றறிக்கை சுவரில் தொங்கியது. விபத்துச் செய்தி எங்கோ பத்திரிகை வரைக்கும் போயிருக்க வேண்டும்; சந்தேகத்துக்குரிய பாட்டுகளை 'எச்சரிக்கை' என்று மேலே அனுப்பவும், அந்தக் கணக்கு மூடப்படும் என்று எழுதியிருந்தது. தைலம் சார் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் இரண்டு நிமிஷம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவள் ஹெட்போனில் அதே கனமான அடி. ஒன்று. இடைவெளி. இரண்டு. ஆறாவது விநாடியில் தைல வாசனை அவள் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் சைபரைத் தட்டினாள்.

மூன்றாவது என்று தெரிந்தேதான் தட்டினாள். இனி இவன் பாட்டு யார் காதுக்கும் போகாது, யாரும் எச்சரிக்கை என்று எழுத மாட்டார்கள், கணக்கு தப்பித்துவிடும் என்று தனக்குச் சமாதானம் சொன்னாள். அது பொய்யில்லை. இனி இவன் சத்தத்தைத் தினமும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம் என்று கூடவே ஒரு நிம்மதி வந்ததே, அதுவும் பொய்யில்லை.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "அவன் ஏதாவது சொல்லி விட்டானா?" காலையில் ஒரு தடவை, இவள் வேலை முடிந்து படியேறும்போது ஒரு தடவை. அவன் போன் டி.வி. மேலேயே கிடந்தது. வாரத்துக்கு ஒருமுறை அம்மா அதைத் துடைத்துச் சார்ஜ் போட்டாள்.

ஆறு மாதம் போனபின் பெரியவள் தன் போனில் அந்த ஆப்பைத் திறந்து அவன் கணக்கைத் தேடினாள். நாள் முழுக்கக் காதில் பாட்டை ஊற்றிக்கொண்டு வருகிறவளுக்கு வீட்டில் மிக்ஸி சத்தம்கூட ஆகாது. அதனால் அதற்கு முன் திறந்ததில்லை. ஆறு பாட்டுகள் இருந்தன. தலைப்பு வெறும் எண்: ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஒவ்வொன்றின் கீழும் சின்னதாக, சாம்பல் நிறத்தில்: இருள். கேட்கிற பொத்தானுக்கு மேல் அவள் விரல் நின்றது. திட்டித்தான் ஏதாவது பாடியிருப்பான் என்று தோன்றியது. மூடிவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கான்மா. பாட்டெல்லாம் போட்டிருக்கான்."

"பாட்டா?" அம்மா முட்டியில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பாட்டு போடறவனுக்கு எனக்கு ஒரு வார்த்தை போட முடியலயா?"

அவன் போய்ப் பதின்மூன்று மாதம் கழித்து ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரயிலில் ஒன்றரை நாள் தள்ளி இருக்கிற ஊர். அங்கே ஹோட்டல்களின் துணியை வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை செய்திருக்கிறான். கூடத்துக்குப் பின்னாலேயே ஒரு அறை, ஆறு பேர். காய்ச்சலை மாத்திரையில் ஓட்டியிருக்கிறான். நுரையீரலில் சளி கட்டி, கொண்டுவந்து சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது. பெரியவள்தான் போனாள். அவன் கூட இருந்தவர்களில் ஒருவர் போர்வையில் சுற்றிய கிடாரையும் ஒரு பழைய செகண்ட்ஹேண்ட் போனையும் கொடுத்தார். போனின் திரை உடைந்திருந்தது, உயிர் இல்லை. "வீட்டுக்கு ஒரு போன் போடுடான்னு சொன்னோம்மா. பேசிட்டுத்தான் இருக்கேன்ணே, பதில்தான் வரலன்னு சொல்லுவான்" என்றார் அந்த மனிதர். காய்ச்சலில் உளறியிருப்பான் என்று அவள் நினைத்தாள்.

அதற்குப் பிறகு அம்மா அவன் பெயரை எடுக்கவில்லை. படம் வைக்க விடவில்லை. டி.வி. மேலிருந்த போனை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் துணிக்கடியில் போட்டாள். யாராவது வந்து ஆறுதல் சொன்னால் ஒரே பதில்தான்: "காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தவழ்ந்தாவது போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன். சொல்லலியே. அவனுக்கு நாங்க வேணாம். வேணாம்னு போனவனுக்கு எதுக்குப் படம்?" அழுது தீர்த்திருந்தால் ஆறியிருப்பாள். அவள் கோபப்பட்டாள். அந்தக் கோபம் அவளைத் தின்றது. முட்டியோடு இடுப்பும் போனது; கட்டிலோடு சேர்ந்துவிட்டாள். பெரியவள் தனக்கு வந்த இரண்டு வரனையும், தாயைப் பார்க்க ஆள் இல்லை என்று தானே திருப்பி அனுப்பினாள். ஆபீஸ், பஸ், ஐம்பத்து நான்கு படி, அம்மாவின் கட்டில். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

ஐந்தாம் வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் தைலம் சார் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இருள் லேபிளை எடுத்துட்டாங்க. ஆறு பாட்டுல ஒண்ணு இருள்னா அதுக்கு என்ன அர்த்தம், ஒரு அர்த்தமும் இல்லன்னு மேலிடம் சொல்லுது."

"இத்தனை வருஷம் கழிச்சுத்தான் விடிஞ்சுதாக்கும்" என்றாள் பிளாஸ்க் அக்கா. சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க சிரிங்க. இருள் போட்டது அத்தனையும் திரும்பி வருது. யார் மேசையில போட்டதோ அவங்க மேசைக்கே. கம்ப்யூட்டர் போட்டதும் சேர்த்து. முப்பது செகண்ட் முழுசாக் கேட்டாத்தான் விசை வேலை செய்யும், பாத்துக்கங்க."

மூன்றாம் வாரம், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஏழில் முடிகிற அந்த எண் திரையில் வந்தது. ஒன்பது பாட்டு, வரிசையாக.

முதல் இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு முடித்தாள். மூன்றாவது. கனமான அடி ஒன்று. இடைவெளி. இரண்டு. ஆறாவது விநாடி. இங்கேதான் அன்றைக்குத் தட்டினாள். விசை வேலை செய்யவில்லை. எட்டாவது விநாடியில் அடி கொஞ்சம் தணிந்து, ஒரு குரல் கிட்டத்தில் வந்தது.

"அக்கா, நான்தான். போன்ல பேசினா அம்மா அழும், நேர்ல பேசினா நீ பேச விடமாட்ட. இது உன் வேலை, நீ கேட்டுத்தான் ஆகணும். உன் மேசைக்கு வரணும்னே ஆறு தடவை அக்கவுண்ட் திறந்து மூடி, ஏழுல முடியற நம்பர் வாங்கினேன். முப்பது செகண்டுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன், பயப்படாத. நான் நல்லா இருக்கேன்."

திரையில் விசை உயிர் பெற்றது. அவள் எதையும் தட்டவில்லை. அப்படியே நாலாவதை ஓடவிட்டாள்.

"அக்கா, இதை எழவு வீடுன்னியே. இது அப்பா மிஷின். நீயும்தான வருவ சாப்பாடு கொடுக்க. துணி மூட்டை மேல படுத்துத் தூங்கிடுவ. நான் முழிச்சிருப்பேன். அந்த டிரம் நிக்கப்போகும்போது இப்படித்தான் மெதுவா, மெதுவா அடிக்கும். நின்னா அப்பா கையத் துடைச்சுட்டு வெளியில வருவாரு. என் வாழ்க்கையிலயே எனக்குப் பிடிச்ச சத்தம் இது."

அப்பா உயிரோடு இருந்தவரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெரிய டிரம் மிஷினை ஓட்டியவர். அந்தச் சூடான துணி மூட்டைகளின் சோப்பு வாசனை சட்டென்று அவள் மூக்கில் வந்து நின்றது. தாலாட்டுக்குப் பிரிவு போட்டவளைப் பார்த்துச் சிரித்தவள் அவள்.

ஐந்தாவது: "அம்மா முட்டி எப்படி இருக்கு? இங்க நீ எழுத முடியாது, தெரியும். அதனால லேபிள்லயே பதில் சொல்லு. நான் வீட்டுக்கு வரலாமா? வரலாம்னா மழைன்னு போடு. மழை போட்டா அடுத்த வண்டியிலயே கிளம்பிடுவேன். இன்னும் கோவம்னா பழையபடி இருளே போடு. புரிஞ்சுக்கறேன்."

ஆறாவது: "இருள் போட்டிருந்த. சரி. கொஞ்ச நாள் கழிச்சுக் கேக்கறேன்."

ஏழாவது: "இப்பவாவது வரலாமாக்கா?"

எட்டாவது: "அம்மாகிட்ட கேட்டியா, இல்ல நீயே போடறியா? அம்மாகிட்ட கேளுக்கா ஒரு தடவை."

ஒவ்வொன்றின் கீழும் கம்ப்யூட்டர் சலிக்காமல், தவறாமல், மறுநாளே பதில் சொல்லியிருந்தது.

ஒன்பதாவதை அவள் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள். பிளாஸ்க் அக்கா மூடியில் டீயை ஊற்றி நீட்டியவள், அவள் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். "என்னடி ஆச்சு? உடம்பு முடியலயா?" பெரியவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். தைலம் சார் கதவருகே வழிமறித்தார்.

"இன்னும் முன்னூறு கிடக்கும்மா."

"என் தம்பி பாட்டு சார். வேண்டியவங்க பாட்டு வந்தா சொல்லணும்ல. இப்பச் சொல்றேன்."

அவர் என்ன நினைத்தாரோ, வழி விட்டார்.

மத்தியான வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லாமலே இருந்துவிடலாம். அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. சொன்னால் அம்மாவுக்குப் பிள்ளை திரும்பக் கிடைப்பான், பெண் போய்விடுவாள். பஸ் வந்தது. ஐம்பத்து நான்கு படியையும் நின்று நின்று ஏறினாள்.

"என்னடி இந்நேரத்துல? வேலையிலேருந்து அனுப்பிட்டாங்களா?"

அவள் அம்மாவை அணைத்துத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தாள். போனை மடியில் வைத்து மூன்றாவது பாட்டை ஓடவிட்டாள். "அக்கா, நான்தான்" என்ற குரல் கேட்டதும் அம்மாவின் கை போர்வையைப் பிடித்தது. பிறகு நாலாவது. பிறகு ஐந்தாவது. ஒவ்வொன்றும் முடியும்போது அம்மா விரலை மட்டும் அசைத்தாள், அடுத்தது என்று. எட்டாவது முடிந்தது. டி.வி. மேலே போன் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இது எப்பச் சொன்னது?"

"அவன் வீட்ட விட்டுப் போனானே, அந்த வருஷம்மா. எல்லாமே அப்ப சொன்னதுதான்."

"எங்கிட்ட கேளுன்னு சொல்றானே. நீ கேக்கவே இல்லயே."

"நான் கேக்கலம்மா. எனக்கு... நான் பாட்டையே கேக்கல. மூணாவதுலயே மூடிட்டேன். அப்புறம் மிஷினே போட்டுச்சு."

"என்ன போட்டுச்சு?"

"இருள்."

"நாலு தடவையுமா?"

"கடைசி வரைக்கும்மா."

அம்மா அவளை அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அலமாரியின் அடித்தட்டைக் காட்டினாள்.

"அவன் போனை எடுத்துத் தொடச்சு சார்ஜ் போடு."

போட்டாள்.

"இன்னும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கும்மா. நானும் கேக்கல."

"போடு."

குரல் இந்த முறை முதல் விநாடியிலேயே வந்தது. கரகரத்திருந்தது. நடுவில் இருமினான். பின்னால் எங்கோ ஒரு பெரிய டிரம் துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, லேசாக் காய்ச்சல், வேற ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட சொல்லாத. இன்னிக்குக் கேள்வி கிடையாது, நீ எதை வேணா போட்டுக்கோ. இருள்னே போட்டாலும் பரவால்ல. கோவத்தோடயாவது ஒவ்வொண்ணையும் கேக்கறியே, எனக்கு அது போதும். இப்ப மிஷின் நிக்கப்போகுது. தூங்கிடாம கேளு."